ஆயா சொன்னது சரிதான்: 'தி வெய்லிங்' படத்துப் பேயோட்டும் காட்சியும் நம் பக்கத்துப் பம்பையும்

கேள்வி கேட்ட தம்பி வடசென்னையில் கொருக்குப்பேட்டைக்காரர். கொரியப் படம் 'தி வெய்லிங்'கை ராத்திரி வீட்டு டிவியில் போட்டிருக்கிறார். பேயோட்டுகிற காட்சி ஓடும்போது, கட்டிலில் பாதித் தூக்கத்தில் இருந்த ஆயா கண்ணைத் திறந்து பார்த்து, "இன்னாடா இவன்? இது ஓட்ற அடி இல்லடா, ஏவுற அடி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். படம் முடிந்த பிறகுதான் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. கொரிய மொழி தெரியாத, சப்டைட்டில் படிக்கத் தெரியாத ஆயாவுக்கு அது எப்படித் தெரிந்தது? படத்தில் காட்டுவது அங்கே நிஜமாகவே நடக்கிற சடங்கா? நம் பக்கம் பேயோட்டுவதற்கும் அதற்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா? இவைதான் அவர் கேட்டவை.

முடிச்சு முழுவதையும் அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள். 156 நிமிடம், கொஞ்சம் நீளம்தான், ஆனால் இடையில் எழுந்து போக மாட்டீர்கள்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், என் பெரியப்பா தண்டையார்பேட்டையில் பம்பை அடித்தவர். பள்ளிக்கூட லீவு நாளில் அவர் பின்னாலேயே கைச்சிலம்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆடி மாதம் முழுக்க அவருக்கு ஓய்வே இருக்காது. கூழ் ஊற்றுகிற இடம், கரகம் எடுக்கிற இடம், கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி (சுமங்கலியாகச் செத்துத் தெய்வமான வீட்டுப் பெண்) அழைக்கிற வீடு, அப்புறம் எப்போதாவது, யாரும் வெளியே சொல்லாமல் கூப்பிடுகிற வீடு. அந்தக் கடைசி வகை வீட்டுக்குப் போகும்போது மட்டும் என்னை வாசலிலேயே உட்கார வைத்துவிடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும்.

சரி, படத்துக்கு வருவோம். 2016-ல் வந்தது. இயக்கியவர் நா ஹாங்-ஜின். கொரியத் தலைப்பு 'கோக்சங்'. தென் ஜொல்லா மாகாணத்தில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு மாவட்டம் இருக்கிறது. படத்துக்கு வைத்த சீன எழுத்துகளை மட்டும் மாற்றி, ஊர்ப்பெயரின் அதே உச்சரிப்பில் 'ஓலம்' என்று பொருள் வரும்படி செய்துவிட்டார்கள். மலையடிவார ஊர். ஜப்பானியர் ஒருவர் வந்து காட்டுக்குள் தங்குகிறார். அதன் பிறகு ஊரில் ஒவ்வொரு வீடாக ஒருவர் உடம்பெல்லாம் கொப்புளம் வந்து, புத்தி கலங்கி, சொந்தக் குடும்பத்தையே வெட்டிப் போடுகிறார். விஷக் காளான்தான் காரணம் என்று ஒரு செய்தியும் வருகிறது. உள்ளூர்ப் போலீஸ்காரர் ஜோங்-கூ. வேலையில் மந்தமானவர், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அவருடைய மகள், சிறுமி ஹ்யோ-ஜினுக்கும் அதே கொப்புளம் வருகிறது. மாமியார் ஒரு மந்திரவாதியை வரவழைக்கிறார். அவர்தான் இல்-க்வாங். காரில் வந்து இறங்குகிற, நல்ல பேர் வாங்கிய, பணம் வாங்குகிற ஆள்.

முதல் காட்சியிலேயே அந்த ஜப்பானியர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் புழுவைக் கோக்கிறார். நடுவில் ஜோங்-கூ, இத்தனை பேர் இருக்கிற ஊரில் என் மகளை ஏன் பிடித்தது என்று கேட்கும்போது, மந்திரவாதி சொல்கிற பதிலும் இதுதான்: தூண்டில் போடுகிறவனுக்கு என்ன மீன் மாட்டும் என்று தெரியுமா? அவன் இரையைப் போட்டான், உன் மகள் கடித்துவிட்டாள். மீன்பிடிக்கிற காசிமேட்டில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் முதல் தடவை பார்த்தபோது இந்த வசனத்தை மந்திரவாதியின் ஞானம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது. இரையைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்ல, ஒன்று மீனாக இருந்திருக்க வேண்டும், இல்லை கூடப் படகில் போனவனாக இருக்க வேண்டும்.

இப்போது கொரியச் சடங்கு. கட்டுக்கதை இல்லை. அந்தச் சடங்குக்கு அங்கே 'குட்' என்று பெயர். செய்கிற பெண்ணை 'மூடாங்' என்பார்கள், ஆணை 'பாக்சு'. பெரும்பாலும் பெண்கள்தான். இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, தெய்வம் இறங்கி ஆனவர்கள்: முதலில் காரணம் புரியாத நோய் வரும், சாப்பிட முடியாது, தூங்க முடியாது, கனவு வரும்; எந்த வைத்தியத்துக்கும் கேட்காமல், கடைசியில் மூத்த மூடாங் ஒருவர் சடங்கு செய்து, வந்த தெய்வத்தை முறைப்படி இறக்கி வைத்த பிறகுதான் தெளியும். அன்றிலிருந்து அவரும் மூடாங். நம் தெருவில் சாமியாடுகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்வார். இன்னொன்று, பரம்பரையாக வருகிற குடும்பங்கள். படம் நடக்கிற ஜொல்லா பக்கத்தில் பாட்டும் மேளமும் தலைமுறையாகக் கைமாறுகிற இந்தப் பரம்பரைக்காரர்கள்தான் பேர் போனவர்கள். அதே மாகாணத்தில் ஜிண்டோ தீவில் செத்தவர்களுக்குச் செய்கிற 'சிட்கிம் குட்' என்று ஒன்று இருக்கிறது. சிட்கிம் என்றால் கழுவுவது. செத்தவர் மனசில் மிச்சம் இருக்கிற குறையைக் கழுவி அனுப்பிவைப்பது. 1980-ல் கொரிய அரசு அதைப் பாதுகாக்க வேண்டிய கலைச்செல்வமாக அறிவித்தது.

மேளத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய 'ஜாங்கு' இடுப்பு சிறுத்த மேளம். நம் உடுக்கையை ஆள் உட்கார்ந்து அடிக்கிற அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. கூடவே வெண்கலத் தட்டு. பம்பை உடம்பில் வேறு மாதிரி. இரண்டு உருளையைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டி வளைந்த குச்சியால் அடிப்பது. ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான். நிதானமாகத் தொடங்கி, கேட்கிறவரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மூச்சை மேளம் இழுத்துப் போகிற இடத்துக்குக் கொண்டுபோவது. உங்கள் ஆயா தூக்கத்தில் கண் திறந்ததற்குக் காரணம் அந்த அடியாகத்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாராலும் அந்த வேகத்தில் மேளம் கேட்டுவிட்டுத் தூங்க முடியாது.

அடி கேட்டுக் கண் திறந்தார், சரி. 'ஏவுற அடி' என்று எப்படிச் சொன்னார்? பாட்டு புரியாமல் அடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இதை நான் பெரியப்பாவிடமே கேட்டிருக்கிறேன். அம்மனை அழைக்கிற வர்ணிப்புக்கும், பேயைக் கிளப்புவதற்கும் பம்பை ஒன்றுதான், பல இடங்களில் நடையும் ஒன்றுதான். ஆக ஆயா காதால் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. திரையைப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சியை மறுபடி போட்டு, பெண் எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள்.

மந்திரவாதி முற்றத்தில் ஆடுகிறார். பெண் வீட்டுக்குள் அறையில் துடிக்கிறாள். இருவருக்கும் நடுவில் சுவர். நம் பக்கத்தில் இப்படி ஒரு பேயோட்டு கிடையவே கிடையாது. பிடித்தவளைத்தான் நடுவில் உட்கார வைப்பார்கள். தலையை அவிழ்த்துவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முகத்துக்கு நேரே உடுக்கையை அடிப்பார்கள். ஏனென்றால் அங்கே நடக்க வேண்டியது அடிதடி இல்லை, விசாரணை. யார் நீ? எந்த ஊரு? எங்க வெச்சுப் புடிச்ச? இன்னா வேணும்? எப்பப் போவ? இந்தக் கேள்விகள் வராமல் எந்தப் பூசாரியும் வேப்பிலையைக் கீழே வைக்க மாட்டார். ராத்திரி முழுக்க அடித்தாலும், பெயர் வரவில்லை என்றால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

ஒன்று சொல்கிறேன். 1990-களின் தொடக்கம், வியாசர்பாடி. கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு பெண். சாப்பாட்டைத் தட்டிவிடுகிறாள், மாமியாரைப் பார்த்தால் பல்லைக் கடிக்கிறாள். பூசாரி வந்தார், பெரியப்பா பம்பையோடு போனார், நான் ஜன்னலில். ஒன்றரை மணி நேரம் போராடிய பிறகு அந்தப் பெண் தலையைச் சுற்றிக்கொண்டே, "நான் வண்டிக்காரி" என்றாள். தெருவே அடங்கிப் போனது. பர்மாவிலிருந்து வந்த ஒரு அம்மா அந்த முனையில் வண்டி போட்டு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். கடன் தாங்காமல் மருந்து குடித்துப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதுப்பெண் அவரைப் பார்த்ததே இல்லை. இன்னா வேணும் என்றார் பூசாரி. கோழி, அத்தோ, பேஜோ என்று பட்டியல் வந்தது. கோழி எல்லாம் முடியாது, முட்டை தரேன் என்று பேரம். பேய் ஒத்துக்கொண்டது. எப்பப் போவ என்று கேட்டதற்குத்தான் யாரும் எதிர்பார்க்காத பதில்: "இந்த வூட்டுக்காரி எம் பையனுக்குச் சீட்டுப் பணம் குடுத்தா போறேன்." மாமியார் முகம் வெளுத்துவிட்டது. பணம் அந்த வாரமே கைமாறியது. பெண்ணின் தலையில் ஒரு கல்லை வைத்து நடக்கவிட்டு, ரயில்பாதை ஓரத்துப் புளியமரத்தடியில் கல்லைப் போட வைத்து, உச்சிமயிரில் ஒரு பிடியை அறுத்து மரத்தில் ஆணி அடித்தார்கள். திரும்பி வரும்போது பெரியப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "பேய் கணக்கை ஒயுங்கா வெச்சிருந்துது."

பேய் உண்டா இல்லையா என்ற பேச்சுக்கு நான் இங்கே வரவில்லை. நம் பக்கத்துப் பேய் தெரிந்த ஆள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை. அதற்கு ஒரு பெயர், ஒரு தெரு, ஒரு பசி, ஒரு பாக்கி இருக்கும். பாக்கி தீர்ந்தால் போய்விடும். நம் பேய்ப் படங்களில் இடைவேளைக்கு அப்புறம் கட்டாயம் ஒரு பிளாஷ்பேக் வருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். 2011-ல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். பேய்க்கு நிலம் பறிபோன கதை உண்டு, கொன்றவர்கள் யார் என்ற கணக்கு உண்டு. பாதிப் படத்துக்கு மேல் நாம் பேயின் கட்சிக்கே மாறிவிடுகிறோம். வெளிநாட்டு விமர்சகர்கள் இதைப் பார்த்து பயமே இல்லையே என்று சொல்லலாம். உடுக்கை முன்னால் நடக்கிற விசாரணையைத் திரையில் நீட்டினால் இப்படித்தான் வரும்.

'தி வெய்லிங்'கில் யாருமே பெயர் கேட்பதில்லை. இதுதான் அந்தப் படத்தின் ஆணிவேர் என்பது என் கருத்து. ஜப்பானியருக்குப் பெயரே கிடையாது, ஊர்க்காரர்களுக்கு அவர் வெறும் அந்நியன். மலையில் வெள்ளை உடுப்போடு திரிகிற பெண்ணுக்கு டைட்டிலில் போட்டிருப்பது 'மூ-ம்யோங்', பெயரில்லாதவள் என்று அர்த்தம். மகள் ஒரு கட்டத்தில் அப்பாவைப் பார்த்து, எது முக்கியம் என்று உனக்குத் தெரியுமா, ஒன்றும் தெரியாமல் பேசுகிறாயே என்று கத்துகிறாள். அவள் வாயிலிருந்து வேறு யாரோ பேசுகிற நேரம் அது. நம் பூசாரியாக இருந்தால் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, "சரி, சொல்லு, யார் நீ?" என்று உட்கார்ந்திருப்பார். ஜோங்-கூ போலீஸ்காரர் இல்லையா, அந்த ஆளை எங்கே பார்த்தாய் என்று மறுபடி மறுபடி துருவுகிறார். பைபிளிலேயே பெயர் கேட்பது இருக்கிறது. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், உன் பேர் என்ன என்று இயேசு கேட்க, 'லேகியோன்' என்று பதில் வரும். ராயபுரத்தில் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த இடம் மனப்பாடம்.

அப்புறம் அந்த ஆணி. இல்-க்வாங் ஒரு மரக்கம்பத்தில் நீளமான ஆணிகளை அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே பெண் அலறுகிறாள். குறுக்கே, காட்டுக் குடிசையில் கறுப்புக் கோழிகளைத் தொங்கவிட்டு ஜப்பானியர் தனியாக ஒரு சடங்கு செய்வதையும், அவர் சுருண்டு விழுவதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். இங்கேதான் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். இருவர் சண்டை போடுகிறார்கள், நம்ம ஆள் ஜெயிக்கிறார் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். படத்தொகுப்பில் இரண்டு காட்சி அடுத்தடுத்து வந்தால் ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று கண் நம்பிவிடும். ஆயா சப்டைட்டிலும் படிக்கவில்லை, படத்தொகுப்பையும் நம்பவில்லை. ஆணி விழுகிறது, புள்ளை துடிக்கிறது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. நம் சடங்கில் ஆணி கடைசியில் வரும், பேய் இறங்கிய பிறகு, அதை மரத்தோடு கட்டிப்போட. உயிருள்ள பிள்ளை துடிக்கத் துடிக்க ஆணி அடிப்பது ஓட்டுவது ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை, அந்த மந்திரவாதியே இதை மறைக்கவில்லை. அன்று செய்யப் போவது 'சல்' என்று வெளிப்படையாகவே சொல்கிறார். சல் என்பது ஆளை அழிக்கிற தீய வேகம். அதை அம்பு மாதிரி ஒருவர் மேல் பறக்கவிடுவது என்று கொரிய வழக்கு. நம் பேச்சில் பில்லி, சூனியம், ஏவல், வைப்பு என்று அடுக்குவோமே, அதில் ஏவல் அப்படியே இதுதான். ஆக ஆயா ஊகித்துச் சொல்லவில்லை, சரியான சொல்லையே சொல்லியிருக்கிறார். யார் மேல் ஏவுகிறார் என்பதில் மட்டும்தான் பொய். ஜப்பானியர் மேல் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பிள்ளை மேல் அடிக்கிறார். பிறகு ஒரு கட்டத்தில் போன் போட்டு, சல்லை ஆள் மாற்றி விட்டுவிட்டேன், அந்த வெள்ளை உடுப்புப் பெண்தான் பேய் என்று புளுகுவதும் நடக்கிறது. கடைசியில் அவர் காரிலிருந்து ஒரு பெட்டி விழுந்து, செத்த குடும்பங்களின் போட்டோக்கள் சிதறும்போதுதான் கூட்டு வெளியே வருகிறது.

வைப்பும், அதாவது கெடுதல் செய்ய வீட்டில் எதையாவது ஒளித்து வைப்பதும், படத்தில் உண்டு. இல்-க்வாங் வந்த புதிதில் வீட்டைச் சுற்றிப் பார்த்து, சோயா ஊறுகிற ஜாடியை உடைத்து உள்ளிருந்து செத்த காக்கையை எடுக்கிறார். வீட்டார் அந்த நிமிஷமே காலில் விழாத குறை. வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இந்தக் காட்சியை நேரில் பார்த்தவர்கள் ஏராளம். நிலைவாசலைத் தோண்டினால் முட்டை, மாவுப் பொம்மை, தகடு, யாருடையதோ மயிர். என் பெரியப்பா வைப்பு எடுக்கிற ஆட்களோடு மட்டும் போகவே மாட்டார். காரணம் கேட்டால், "எங்க கீதுன்னு தெரிஞ்சு நேரா போய் எடுக்கிறான்னா, யாருடா வெச்சது?" என்பார். தம்பி, உங்கள் ஆயாவும் அந்தத் தலைமுறை. அந்த ஜாடிக் காட்சியை அவர் முழித்துக்கொண்டு பார்த்திருந்தால் அங்கேயே படத்தை முடித்துவைத்திருப்பார்.

ஓட்ட வந்தவரைச் சந்தேகப்படுவது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்கப் பாட்டில் வெறியாட்டு என்று வருமே, அது இதேதான். பெண் மெலிந்துபோகிறாள், தாய் பயந்து முருகனுக்கு ஆடுகிற பூசாரியான வேலனை அழைக்கிறாள், வேலன் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்த்து முருகன் பிடித்திருக்கிறான் என்கிறான், ஆட்டுக்குட்டியை வெட்டுகிறான். உண்மையில் அவளுக்கு வந்திருப்பது காதல். குறுந்தொகை 362-ல் தோழி அந்த வேலனைப் பார்த்து மரியாதையாகவே ஒரு கேள்வி கேட்கிறாள்: கோபப்படாதே வேலா, ஒன்று கேட்கிறேன், இவளை இந்தப் பாடு படுத்திய மலைநாட்டுக்காரனின் மாலை போட்ட மார்பு இருக்கிறதே, நீ கொடுக்கிற பலியை அதுவும் தின்னுமா? இரண்டாயிரம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆகியும் அந்த நக்கலின் கூர் மழுங்கவில்லை. நோய் எது என்று தப்பாகச் சொல்கிறவன் ஏமாற்றுக்காரனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வேலன் தன் தொழிலை நம்பித்தான் செய்கிறான். கொரியப் படத்தில் அதே இடத்தில் திருடனை உட்கார வைத்திருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

படத்தில் ஜோங்-கூ ஒரே இடத்தை நம்பி இருக்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார், மாமியார் சொன்ன மந்திரவாதியையும் விடவில்லை, சர்ச்சுக்கும் போய்க் கேட்கிறார். சர்ச்சில் பாதிரியார், கண்ணால் பார்த்தாயா, டாக்டரை நம்பு என்று அனுப்பிவிடுகிறார். நம் பக்கத்துக் குடும்பமும் அச்சாக இப்படித்தான் அலையும். காலையில் அம்மன் கோயிலில் வேப்பிலை அடித்து, வெள்ளிக்கிழமை தர்காவில் ஓதி ஊதி, ஞாயிற்றுக்கிழமை ஜெபம். எதையும் விடமாட்டார்கள், ஏனென்றால் எது வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் கடைசியாக வருவது ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. இவ்வளவு பழைய இடம் பக்கத்திலேயே இருந்தும், 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே திட்டுகிற சொல்லாக்கிவிட்டோம். பேய் பிடித்தவள் என்றால் கல்யாணம் நடக்கும், கீழ்ப்பாக்கம் போய் வந்தவள் என்றால் நடக்காது. அலைச்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மருத்துவமும் இந்த நிலையைப் பொய் நடிப்பு என்று தள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேச நிலைக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் திருவிழாவில் சாமி வந்து ஆடி, சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அதில் வரமாட்டார். தானாக வந்து, வேதனை தந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் அது நோய். வலிப்பு, பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனக்கலக்கம், நாள்கணக்கில் தூக்கமின்மை, இவையெல்லாம் பேய் மாதிரியே தெரியும், மாத்திரைக்குக் கேட்கும். பம்பை அடித்து மனசு ஆறுகிறது என்றால் அடிக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். கட்டிப்போடுவது, சூடு வைப்பது, பட்டினி போடுவது என்று போனால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதை வெளிப்படையாகவே தடை செய்துவிட்டது.

கடைசியாக, தம்பி கேட்காத ஒன்று, ஆனால் இந்தப் படத்தில் என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது. அந்த வெள்ளை உடுப்புப் பெண். க்ளைமாக்ஸில் ராத்திரித் தெருவில் ஜோங்-கூவை நிறுத்தி, சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குப் போகாதே, வாசலில் பொறி வைத்திருக்கிறேன் என்கிறாள். பைபிளில் சேவல் கூவுவதற்குள் பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்ததை நினைக்காமல் இருக்க முடியாது. படம் தொடங்குவதே லூக்கா சுவிசேஷத்தில், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் கிடையாது, என் கையையும் காலையும் பாருங்கள் என்று இயேசு சொல்கிற வசனத்தோடுதான். ஜோங்-கூ அவளை உற்றுப் பார்க்கிறார். அவள் மேல் இருப்பது செத்துப்போனவர்களின் துணி. மகளின் கொண்டை ஊசியும் அவளிடம் கிடக்கிறது. போதும், இவள்தான் பேய் என்று முடிவுகட்டி, மூன்றாவது கூவலுக்கு முன்னாலேயே ஓடிவிடுகிறார். வாசலில் தொங்கிய காய்ந்த பூக்கொத்து, மண்டை ஓடு மாதிரி காய் காய்க்கிற செடி, அவர் நுழைந்ததும் வாடிப்போகிறது.

செத்தவர் துணியைப் பார்த்து அவர் பயந்தது கொரியாவில் நியாயமாக இருக்கலாம். நம் பக்கத்தில்? வீட்டில் சுமங்கலியாகப் போனவளை, கல்யாணத்துக்கு முன்னால் பம்பை அடித்து அழைத்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, பூவாடைக்காரி என்று கும்பிடுகிற ஊர் இது. அந்தப் புடவையைப் பிறகு வீட்டுப் பெண்ணே கட்டிக்கொள்வாள். செத்தவளின் துணி இங்கே காவலுக்கு அடையாளம். பெரியப்பாவுக்கு இந்தப் படத்தைக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் ஆயாவுக்கு இன்னொரு தடவை போட்டு, சேவல் கூவுவதற்குள் அந்தப் பெண்ணின் உடுப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, இவ பேச்சைக் கேட்டு வாசல்லயே நிப்பியா ஆயா, இல்ல உள்ள ஓடுவியா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.